கிளிப்பச்சைச் சேலை

எங்கள் வீட்டுப் பழைய சங்கதிகள் எதுவாக இருந்தாலும், அன்றைக்கு யார் என்ன நிறம் உடுத்தியிருந்தார்கள் என்பதை வைத்துத்தான் எனக்கு நினைவுக்கு வரும். தம்பி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அம்மா கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறம். வீட்டை ஒட்டிய எங்கள் பட்டறையில் புது லேத் மிஷின் இறங்கிய அன்று அப்பா போட்டிருந்தது சந்தனக் கலர் சட்டை. பூசை முடிவதற்குள் அதில் கிரீஸ் பட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வருஷம், மாதம் எல்லாம் என் தலையில் தங்காது. அதனால் இந்தச் சம்பவம் நடந்தபோது எனக்கு எட்டு வயதா ஒன்பது வயதா என்று யாராவது கேட்டால் முழிப்பேன். ஆனால் சேலை கிளிப்பச்சை, அரக்குக் கரை, கோராப் பட்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தச் சேலை அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பொள்ளாச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவர். தலைதீபாவளி கொண்டாடி அடுத்த தீபாவளி வருவதற்குள், தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன மாமா மோட்டார் ரூமில் ஷாக் அடித்து இறந்துபோனார். அப்பா போய் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தை கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டில்தான் இருந்தார், வெள்ளைச் சேலைதான் கட்டினார்.

எங்கள் ஆட்களிடம் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. புருஷன் போய்விட்டால் பொறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ வெள்ளைச் சேலை வாங்கிக்கொண்டு போய்ப் போடவேண்டும். அதற்குக் கோடி போடுவது என்று பெயர். அத்தைக்கு அதைப் போட்டது அப்பாதான். வெள்ளைச் சேலைக்காரர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தனி மரியாதை உண்டு. கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்துக்கு அவர்களாகவே எழுந்து பின்வரிசைக்குப் போய்விடுவதும் உண்டு. இது இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்க முடியும் என்று அந்த வயதில் நான் கேட்டதில்லை.

பட்டறைச் சாமான்கள் போட்டு வைத்திருக்கும் அறையில் ஒரு ஓரமாக அத்தையின் கட்டில் கிடக்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அம்மாவின் பீரோவைவிட எனக்கு அந்தப் பெட்டியின் மேல்தான் கண். காரணம், அதன் அடியில் அந்துருண்டை வாசத்தோடு அந்தக் கிளிப்பச்சை இருந்தது. தலைதீபாவளிக்கு மாமா எடுத்துக் கொடுத்தது. வருஷத்துக்கு ஒருமுறை அத்தை அதை வெளியே எடுத்து, மடிப்பு மாற்றி, நிழலில் கொஞ்ச நேரம் காயப்போட்டு மறுபடியும் உள்ளே வைப்பார். அப்படி ஒரு நாள் நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, பெரியவள் ஆனதும் இது உனக்குத்தான் கண்ணு என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அது அத்தையின் பெட்டியில் இருக்கும் என் சேலை ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

அப்போதுதான் அடுத்த வீதியில் பூட்டிக் கிடந்த பழைய பால்வாடிக் கட்டடத்தை வெள்ளையடித்து, வீடில்லாதவர்கள் தங்கும் இல்லம் என்று மாநகராட்சி ஒரு போர்டு மாட்டியது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலும் பாலத்துக்கு அடியிலும் படுத்துக்கிடப்பவர்களைக் கூட்டிவந்து தங்க வைப்பதாக ஏற்பாடு. வீதியில் பாதிப்பேருக்குப் பிடிக்கவில்லை. கண்டவர்களையும் கொண்டுவந்து வைக்கிறார்கள், பெண்டு பிள்ளைகள் நடமாட வேண்டாமா என்று பேச்சு எழுந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்றே நாலைந்து பேர் அப்பாவிடம் முறையிட்டார்கள். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. மனுசன்னு பொறந்தா மழைக்கு ஒதுங்கறதுக்கு ஒரு எடம் வேணுமில்லீங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார்.

இல்லத்தில் சாயங்காலச் சாப்பாடு எங்கள் வீதிப் பெண்கள் குழுவின் பொறுப்பு என்று முடிவானது. குழுவில் ஆளாளுக்கு வீட்டு வேலை இருந்தது. அத்தைக்கு எங்கள் வீட்டு வேலை அத்தனையும் இருந்தது, ஆனாலும் அவருக்கு வேலை ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அதனால் அந்தப் பொறுப்பு இயல்பாக அவரிடம் வந்து சேர்ந்தது. அங்கே அடுப்பு வசதி வரும்வரை எங்கள் வீட்டிலேயே சமைத்து எடுத்துப்போவார். பெரும்பாலும் அரிசிம்பருப்புச் சோறு, கூட ஒரு கீரையோ ரசமோ. எனக்கும் சாயங்காலம் வேறு வேலை இல்லாததால் கூடவே போவேன்.

பெரிய போசி நிறையச் சோற்றை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை நடக்கிற நடையை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அம்மா குடையைக் கொடுத்து அனுப்புவார். அத்தை அந்தக் குடையைப் போசிக்குப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தான் நனைந்துகொண்டே வருவார். காய்ச்சல் வரும் என்று சொன்னால், நானென்ன சக்கரையா கரையறதுக்கு என்பார். இடி இடித்தால் நான் சுவரோரமாக ஒட்டிக்கொள்வேன். அத்தை நின்றதே கிடையாது.

இல்லத்தில் பரிமாறுவதும் அத்தைதான். எங்கள் ஊரில் யாரைக் கண்டாலும் பேச்சில் ஒரு ‘ங்க’ சேர்ந்துகொள்ளும் என்பது தெரிந்ததுதான். அத்தை அதைக் கொஞ்சம் தாராளமாகவே போடுவார். வாங்க, உக்காருங்க, இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க, ரசம் ஊத்தட்டுங்களா என்று பந்தியில் சம்பந்தி வீட்டாரைக் கவனிப்பதுபோலக் கவனிப்பார். முதல் நாள் ஒரு தாடிக்காரர், அத்தை வாங்க என்றதும், தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை என் தொடையில் கிள்ளினார்.

நான் சொல்ல வந்த அந்த அம்மா இல்லத்துக்கு வந்தது ஒரு மழை நாளில்தான். இல்லத்தைப் பார்த்துக்கொள்ளப் பழைய மில் தொழிலாளி ஒருவர் இருந்தார். மில் மூடிய பிறகு அங்கே வேலைக்கு வந்தவர். எல்லோரும் மில்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒண்டிக்கிடந்த அந்த அம்மாவைப் பேசிச் சமாதானப்படுத்தி ஆட்டோவில் கூட்டிவந்தார். அத்தையின் வயதுதான் இருக்கும். எந்த ஊருங்க என்று கேட்டதற்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் என்று சொன்னதோடு சரி. சாப்பிட்டு முடித்ததும் யாரும் சொல்லாமலே எல்லாத் தட்டுகளையும் எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

நான் வழக்கம்போல முதலில் பார்த்தது சேலையைத்தான். எனக்கு அது பெரிய தோல்வியாகப் போயிற்று. மயில்கழுத்து, மாந்துளிர், வெங்காயத்தோல் என்று நிறங்களை எல்லாம் தலைகீழாகச் சொல்லுகிற எனக்கு, அந்தச் சேலை என்ன நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. வெயிலும் மழையும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து அதை ஒரு நிறமும் இல்லாததாக ஆக்கியிருந்தன. கழுத்தில் ஒன்றும் இல்லை. கால் விரலில் மெட்டியும் இல்லை. மெட்டி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் விரலைச் சுற்றி வெளுப்பாக ஒரு தடம் இருந்தது. ஏதோ கயிறு கட்டிய தழும்பு என்று நினைத்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மாற்றுத் துணி எடுத்துத் தருவது குழுவின் வழக்கம். பெண்களுக்கு எடுப்பது அத்தை. அதற்காக டவுனுக்குப் போனபோது நானும் போனேன். கடைக்காரர் கலர் கலராக எடுத்துப் போட்டார். எனக்கு மாம்பழ மஞ்சள் ஒன்று பிடித்திருந்தது. அத்தை அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தனக்கு வழக்கமாக எடுக்கிற அதே வெள்ளையில், தனக்கு எடுப்பதைவிடக் கொஞ்சம் நயமானதாகப் பார்த்து ஒன்று எடுத்தார்.

இதில் அத்தை நிறைய யோசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கழுத்திலும் இல்லை, காலிலும் இல்லை. அப்படியானால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. ஊர் பேர் கேட்கலாம், சாப்பிட்டீங்களா என்று கேட்கலாம், உங்க ஊட்டுக்காரர் எங்கே என்று ஒரு பெண்ணிடம் கேட்டு அவரை அழவைப்பது எங்கள் பக்கத்தில் நாகரிகமில்லை. கேட்காமல் புரிந்துகொண்டு உரியதைச் செய்வதுதான் மரியாதை. அப்படிப்பட்டவருக்குக் கலர் சேலையைக் கொடுத்தால்தான் அவமானம் என்று அத்தை மனதார நம்பியிருப்பார். வெள்ளையை நல்ல வெள்ளையாகத் தேடி எடுத்ததே அதனால்தான்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் அத்தை அந்தச் சேலையை ஒரு தட்டில் வைத்து, வெறும் சேலையாகக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு வாழைப்பழமும் வைத்து நீட்டினார். அந்த அம்மா சிரித்தபடி கையை நீட்டி வாங்கினார். வந்ததிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். பழத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சேலையைப் பிரித்தார். ஒரு மடிப்பு பிரிந்தது, இரண்டு மடிப்பு பிரிந்தது. கரை எங்கேயாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார்போல. கரை வரவில்லை. கை நின்றுவிட்டது.

“ஏனுங்க, எனக்குக் கோடி போடச் சொல்லி ஆருங்க உங்ககிட்டச் சொன்னது?”

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா சேலையைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் தட்டில் வைத்தார். எழுந்தார், மூலையிலிருந்த தன் பையை எடுத்துக்கொண்டார், வாசலில் இறங்கி மழைக்குள் போய்விட்டார்.

தூரம் போகவில்லை. எதிரே பூட்டிக் கிடந்த டயர் கடையின் முன்னால் ஒரு தகரச் சார்ப்பு இருந்தது. அதற்குக் கீழே போய் நின்றார். அந்தச் சார்ப்பில் பாதிக்குமேல் ஓட்டை. மழைத் தண்ணீர் ரோட்டில் செம்மண் கலரில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை வாசலில் நின்று, உள்ள வாங்க அம்மணி, உள்ள வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த அம்மா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குளிர் தாங்காமல் தானாக வருவார் விடுங்கள் என்று மில்காரர் சொன்னார். அவர் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சோற்றுப் போசியின் மூடியைச் சரியாக மூடினார்.

எனக்குப் பயமாக இருந்தது. இப்படியே நடந்து போய்விடுவாரோ, போனால் எங்கே போவார், மறுபடி அந்தப் பஸ் நிறுத்தத்துக்கா என்று நினைத்தேன். ஒரு சேலைக்காக ஒருவர் சோறும் கூரையும் வேண்டாம் என்று போவாரா என்று ஆச்சரியமாகவும் இருந்தது. மாம்பழ மஞ்சளை எடுத்திருக்கலாம் என்று அத்தையிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை ரோட்டில் இறங்கிவிட்டார். நான் குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

சார்ப்புக்குக் கீழே மூன்று பேருக்கு இடம் இல்லை. அத்தை பாதி மழையில் நின்றபடி, தப்பு என்மேல்தான், கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் செய்துவிட்டேன் என்று சொன்னார். அந்த அம்மா ரோட்டைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார்.

அவருடைய வீட்டுக்காரர் போர் வண்டியில் வேலைக்குப் போனவர். அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற லாரியில் வடக்கே போவார்கள். மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள், பணமும் போனும் மட்டும் வரும். இவருக்கும் வந்துகொண்டிருந்தது. ஒரு சமயம் போன் வருவது நின்றது. வண்டி மட்டும் திரும்பி வந்தது. வழியில் ஏதோ ஒரு ஊரில் இறங்கிப் போனவர் திரும்ப வரவில்லை, தேடிப் பார்த்தோம் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த கொழுந்தனார்கள், அண்ணன் செத்துத்தான் போயிருப்பார் என்று அவர்களாகவே முடிவு செய்து காரியத்துக்கு நாள் குறித்தார்கள். வெள்ளை கட்டிக்கொண்டால் வீட்டில் ஒரு மூலையில் இருக்கலாம், மாட்டேன் என்றால் உன் பாட்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். பொறந்த வீடு என்று போக அவருக்கு யாரும் இல்லை.

“கழுத்துல கால்ல இருந்ததை அவங்க கழட்டிக்கிட்டாங்க. கட்டீருக்கறதை மட்டும் நான் உடலீங்க. இது செவப்புச் சேலைங்க்கா.”

சொல்லிவிட்டு இடுப்பில் சொருகியிருந்த தலைப்பை உருவி, உள்மடிப்பை விரித்துக் காட்டினார். வெயில் படாத அந்த ஒரு சாண் துணி நல்ல குங்குமச் சிவப்பாக இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். நிறம் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் எனக்கு முதலில் வந்தது, இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அத்தை அதைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். அத்தை எப்போதும் எதையாவது சொல்லித் தேற்றுகிறவர். அன்று, இங்கயே இருங்க அம்மணி, போயிராதீங்க, இப்ப வாரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அந்த நடைக்கு என்னால் ஓடித்தான் ஈடுகொடுக்க முடிந்தது.

வீட்டுக்குள் ஈரக்காலோடு போய் அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதே எதற்கென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடியில் கைவிட்டு அந்தக் கிளிப்பச்சையை எடுத்தார். பெட்டியை மூடக்கூட இல்லை. சேலையைத் தன் தலைப்புக்குள் மார்போடு வைத்து மூடிக்கொண்டு வெளியே வந்தால், பட்டறை வாசலில் அப்பா நின்றிருந்தார். கரண்ட் போயிருந்ததால் மிஷின்கள் ஓடவில்லை, பேச்சு எல்லாம் தெளிவாகக் கேட்டது.

விஷயத்தை அத்தை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். அப்பா யோசித்தார். அவர் கல்மனதுக்காரர் இல்லை. கலர் சேலைதானே வேண்டும், உங்க அண்ணியோட பீரோவில் எத்தனையோ இருக்கிறது, நல்லதாகவே ஒன்று எடுத்துக்கொண்டு போ என்றார். அம்மாவும் உள்ளேயிருந்து, இதோ எடுக்கிறேன் என்று குரல் கொடுத்தார். அது மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தது, அதை எதற்குக் கொடுக்கிறாய், வைத்திருந்தால் நம்ம பாப்பாவுக்கு ஆகுமே என்றும் அப்பா சொன்னார். அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் வேகமாகத் தலையாட்டினேன். உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருந்தால் அது அப்பாதான் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

“வெள்ளையைக் குடுத்தவ நானுங்ண்ணா. மாத்திக் குடுக்கறதும் நாந்தானுங்க குடுக்கோணும். பாப்பாளுக்கு எடுத்துக் குடுக்க நீங்க இருக்கறீங்க.”

அத்தை அப்பாவிடம் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று அண்ணாந்து பார்த்தேன். அவர் அத்தையின் முகத்தைப் பார்க்காமல், நனைந்து உடம்போடு ஒட்டியிருந்த வெள்ளைச் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பட்டறைக்குள் போய், லோடு வண்டிக்குப் போடுகிற பெரிய பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துவந்து, நனையாம எடுத்துட்டுப் போ அம்மணி என்று அத்தையிடம் கொடுத்தார். என் கட்சி அத்தோடு தோற்றது.

அந்த அம்மா போகவில்லை. அதே இடத்தில் நின்றிருந்தார். பிளாஸ்டிக்கைப் பிரித்து அத்தை சேலையைக் காட்டியபோது அவர் வாங்கவில்லை. இவ்வளவு நல்லதை எனக்கு எதற்கு என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, இது யாருடையது என்று கேட்டார். அவர் என்ன கேட்கிறார் என்று அத்தைக்குப் புரிந்தது. எனக்குப் புரியவில்லை.

“என்ரதுதானுங்க. தலைதீவாளிக்கு எடுத்தது. இதைக் கட்டுனப்ப எங்கூட்டுக்காரரு இருந்தாருங்க. தெகிரியமாக் கட்டுங்க.”

அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அத்தையும் அழுதார். நானும் அழுதேன். பள்ளிக்கூடத்தில் இனி என்ன சொல்வது என்று நினைத்துத்தான் அழுதேன். ஆனால் நாங்கள் மூவரும் நனைந்துபோய் உள்ளே வந்தபோது மில்காரர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, கொழந்தைக்கு எளகுன மனசுங்க என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தாடிக்காரர்கூட என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இதையெல்லாம் மறுத்துப் பேசுகிற நிலையில் நான் இல்லை. அந்த அம்மா பின்னறைக்குப் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். கிளிப்பச்சையும் அரக்குக் கரையும் அவருக்கு அவ்வளவு பொருந்தின. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் அங்கே கொஞ்ச காலம் இருந்தார். இல்லத்திலேயே அடுப்பு வந்ததும் அத்தையோடு சேர்ந்து சமைத்தார். பிறகு பீளமேட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலையும் தங்க ஒரு அறையும் கிடைத்துப் போனார். அவர் வீட்டுக்காரர் வந்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. அந்தச் சிவப்புச் சேலையை அவர் தூக்கிப் போடவில்லை, துவைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் போனார்.

இல்லத்தில் ஒரு வழக்கம் மட்டும் மாறியது. அதற்குப் பிறகு எந்தப் பெண் வந்தாலும் அத்தை கடையிலிருந்து நாலைந்து சேலையாகக் கொண்டுவந்து மடிப்புக் கலையாமல் பாயில் பரப்பிவிடுவார். உங்களுக்கு எந்தக் கலர் புடிக்குதுங்க என்று கேட்பார். அவற்றில் ஒரு வெள்ளையும் இருக்கும். சிலர் அதையும் எடுத்ததுண்டு. மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பதாகக் கடைக்காரரிடம் பேசி வைத்திருந்தார்.

முதலில் எடுத்த அந்த வெள்ளையை மட்டும் கடையில் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்கள், மடிப்பு பிரிந்துவிட்டது என்று. சும்மா எதற்குக் கிடக்க வேண்டும் என்று அந்த வருஷம் தீபாவளிக்கு அத்தை அதையே கட்டிக்கொண்டார். அப்பா அத்தைக்கென்று எதையோ காகிதப் பையில் வாங்கி வந்து, கொடுக்காமல் அம்மாவின் பீரோவிலேயே வைத்துவிட்டார். அதில் வெள்ளை இல்லாத ஏதோ ஒரு நிறம் தெரிந்தது, என்ன நிறமென்று நான் பார்ப்பதற்குள் அம்மா பீரோவைச் சாத்திவிட்டார்.

தீபாவளி மத்தியானம் நல்ல மழை. பட்டாசு வெடிக்க முடியாத கோபத்தில் நான் அத்தையின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த என் தலையை அத்தை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். பச்சைச் சேலை போன வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் ஒரு வம்பாகத்தான் கேட்டேன். அந்தம்மா வெள்ளை வேண்டாமென்று சொன்னார் அல்லவா, அப்பா கோடி கொண்டுவந்தபோது நீங்களும் வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே, சொல்லியிருந்தால் அந்தச் சேலையை நீங்களே கட்டித் தேய்த்திருப்பீர்கள், யாருக்கும் கொடுத்திருக்க வேண்டாமே என்று கேட்டேன்.

சீப்பு நின்றது. கோபித்துக்கொண்டாரோ என்று திரும்பிப் பார்க்கப் போனேன். அத்தை என் தலையைப் பிடித்து நேராக வைத்து மறுபடி வாரத் தொடங்கினார்.

“அந்தம்மாளுக்கு மழைல போய் நிக்கத் தெகிரியம் இருந்துது கண்ணு. எனக்கு மழைன்னாப் பயம்.”

நான் அதை நம்பவில்லை. மழைக்கு அத்தை பயப்பட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இடி இடிக்கும்போதுகூட நிற்காமல் நடந்தவர், குடையைச் சோற்றுக்குப் பிடிக்கச் சொன்னவர், சக்கரையா கரையறதுக்கு என்று சிரித்தவர். எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்தவள் நான். பெரியவர்கள் பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் எதையாவது சொல்லிச் சமாளிப்பார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். சரி, அத்தையும் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்துகொண்டு, ஜன்னல் வழியாக மழை எப்போது விடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.